"நஸீபு இல்லை" என்று யார் சொன்னது?





நம் மஹல்லாக்களில் நர்ஸிங் முடித்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே, அமெரிக்காவில் வேலை செய்வதற்கான என்க்ளெக்ஸ் லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் அவர்களில் உண்டு. அந்தத் தேர்வை எழுத சென்னையிலேயே மையம் இருக்கிறது. சிலர் முதல் முறையே தேறிவிடுகிறார்கள். சிலர் தவறிவிடுகிறார்கள். தவறியவர் வீட்டில் அன்றிரவே ஒரு பேச்சு எழுகிறது: "நமக்கு நஸீபு இல்லைம்மா, விட்டுடு."

ஆறுதலுக்குத்தான் சொல்கிறோம். ஆனால் அது ஈமானின் வார்த்தையா?

தக்தீரை நம்புவது ஈமானின் கடமை. நடந்து முடிந்ததைப் பார்த்து, "இது அல்லாஹ் நாடியது" என்று சொன்னால் மனம் அமைதி பெறும். ஆனால் "நஸீபு இல்லை" என்று சொல்கிறவர் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை. இனி நடக்கப்போவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். அது மறைவான விஷயம். அதை அவருக்கு யார் அறிவித்தது?

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டார்கள். அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வழியில் கிடைத்தது. திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் தக்தீரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். தக்தீரிலிருந்து தக்தீரின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். அப்படியானால் தவறியதும் தக்தீர்தான், மறுபடியும் புத்தகத்தைத் திறப்பதும் தக்தீர்தான். தக்தீரைக் காரணம் காட்டி முயற்சியை நிறுத்துவதற்குப் பெயர் தவக்குல் அல்ல.

இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. "தேர்வில் தவறினால் நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை" என்பது அது. இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் போனால் 150. நேரம் 5 மணி. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஏறக்குறைய பாதி தவறும் அளவில்தான் கணினி கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால் நன்றாகப் படித்தவருக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தோற்றுக்கொண்டிருப்பது போலவே தோன்றும். தவறியவருக்கு ஓர் அறிக்கை வருகிறது. ஒவ்வொரு பகுதியிலும் அவர் தேர்ச்சி அளவுக்கு மேலா, அருகிலா, கீழா என்று அதில் இருக்கும். அதில் எங்கேயும் "நீ உதவாதவள்" என்று எழுதியிருக்காது. அந்த வரியை நாமே சேர்த்துப் படிக்கிறோம்.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஸஃபாவில் ஏறிப் பார்த்தார்கள், யாருமில்லை. மர்வாவில் ஏறிப் பார்த்தார்கள், யாருமில்லை. ஏற்கனவே வெறுமையைக் கண்ட அதே குன்றுக்கு மறுபடியும் ஓடினார்கள். ஏழு முறை. கடைசியில் ஜம்ஜம் பொங்கியது குன்றின் மேல் அல்ல, பிள்ளை இருந்த இடத்தில். ஆனாலும் அந்த ஓட்டத்தை அல்லாஹ் வீணாக்கவில்லை, ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ஓர் அமலாக்கிவிட்டான். ஏழில் ஒன்றைக் குறைத்தாலும் ஸயீ நிறைவாகாது. தண்ணீர் கிடைக்காத ஓட்டங்களும் அங்கே கணக்கில் சேர்கின்றன!

சகோதரியே! அடுத்த முறை எழுதக் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாட்களில் உற்சாகம் வரட்டும், பிறகு படிக்கலாம் என்று இருந்தால் அது வராது. தொழுகைக்கு மனம் வரும்வரை நாம் காத்திருக்கிறோமா? நேரம் வந்தால் எழுகிறோம், நின்ற பிறகு மனம் சேர்கிறது. குறைவானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு மணி நேரம் போதும். அறிக்கையில் கீழே என்று வந்த பகுதியிலிருந்து தொடங்குங்கள். கொஞ்சம் கேள்விகளே போதும், ஆனால் தவறிய ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறு என்ற விளக்கத்தைப் படியுங்கள்.

நிய்யத்தையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு முன்னால் தலைநிமிர வேண்டும் என்பது மட்டும் நிய்யத்தாக இருந்தால், ஊர் சிரிக்கும்போது அது உடைந்துவிடும். நோயாளிக்கு நலம் தரும் கையாக வேண்டும் என்பது நிய்யத்தாக இருந்தால், தவறிய பாடத்தைத் திரும்பப் படிப்பதும் நன்மைதான். ஹிஜ்ரி 5ல், கந்தக் போரில் காயம்பட்ட ஸஅத் (ரலி) அவர்கள் ருஃபைதா (ரலி) அம்மையாரின் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்த வரிசையில் நிற்க விரும்புகிற வேலை உங்களுடையது.

அதனால்தான் குறுக்கு வழி கூடாது. 2023 ஜனவரியில், ஃப்ளோரிடாவில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்ஸிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டது வெளியாகி அமெரிக்காவே அதிர்ந்தது. காசு கொடுத்தால் கேள்வி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். தெரியாத மருந்தின் அளவை நாளை ஒரு நோயாளியின் நரம்பில் ஏற்றப்போவது உங்கள் கை. உயிர் ஓர் அமானிதம். நேர்மையாகத் தவறியவர் அந்த அமானிதத்துக்குத் துரோகம் செய்யவில்லை.

அப்படியென்றால் எத்தனை முறையானாலும் எழுதியே தீர வேண்டுமா? இல்லை. ரிஸ்க்கின் கதவு ஒன்றல்ல. இங்கேயே ஒரு வார்டில் நோயாளியைப் பார்ப்பதும் அதே சேவைதான். கடன் ஏறுகிறது, உடல் தாங்கவில்லை என்றால், மஷ்வரா செய்து, இஸ்திகாரா தொழுது நிறுத்தலாம். அது தோல்வியல்ல. ஆனால் ரிசல்ட் வந்த இரவில், வெட்கத்தில், பிறர் வாய்க்குப் பயந்து முடிவெடுக்காதீர்கள்.

ஜமாஅத்தார்களே! நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் "ரிசல்ட் என்னாச்சு?" என்று கேட்காதீர்கள். கணவர்களே, அந்த ஒரு மணி நேரம் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார்மார்களே, அந்த நேரம் அடுப்படிக்கு அழைக்காதீர்கள். "நஸீபு இல்லை" என்று சொல்லும் வாயால் துஆ செய்யுங்கள்.

யா அல்லாஹ்! நேர்மையாக முயல்கிறவர்களின் முயற்சியில் பரக்கத் செய்வாயாக! தவறியவர்களின் மனத்தைத் தாங்கிக்கொள்வாயாக! அவர்களின் கைகளால் நோயாளிகளுக்கு நலம் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!