விகுதியும் வினையும்

திருவாவடுதுறை ஆதீனத்தின் சிவஞான முனிவர் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை செய்தவர். தொல்காப்பியச் சூத்திர விருத்தி எழுதியவரும் நன்னூல் விருத்தியைத் திருத்தியவரும் அவரே. 1785-இல் மறைந்த அந்த மனிதருக்கு இலக்கணம் ஒரு துறை, சமயம் வேறொரு துறை என்ற பிரிவு இருந்ததாகத் தெரியவில்லை. பொருள் எது, அதன் குணம் எது, இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

நான் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் இங்கிலீஷ் கிராமர் நடத்திக் காலம் தள்ளியவன். சித்தாந்தம் படிக்க ஆரம்பித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். ஆனால் ‘குணம், குணி’ என்று பாடம் தொடங்கியபோது எனக்கு அது புதிதாக இல்லை. கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிப் போட்ட பாடம் அது.

‘கேர்’ என்ற சொல்லோடு ‘ஃபுல்’ சேர்த்தால் கேர்ஃபுல். ‘லெஸ்’ சேர்த்தால் கேர்லெஸ். யூஸ்ஃபுல், யூஸ்லெஸ். ஹோப்ஃபுல், ஹோப்லெஸ். ஏழாம் வகுப்புப் பையன்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் தாங்களே சொல் செய்து பார்ப்பார்கள். “ஹோம்லெஸ் இருக்கே, ஹோம்ஃபுல் உண்டா சார்?” கிடையாது. வீடு இருப்பது உலக வழக்கம், இல்லாமைக்குத்தான் பெயர் வேண்டியிருக்கிறது என்று சொல்லி அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன்.

இந்த ‘லெஸ்’ விகுதி கடவுளிடம் போனதும் வேறாகிவிடுகிறது. ஒன்பதாவது குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர், சைவ ஆகமம் சொல்லும் எட்டுக் குணங்களை வரிசைப்படுத்துகிறார். பேரருள் உடையவன் என்பது அதில் ஒன்று. நம் கணக்குக்கு அது ‘ஃபுல்’. ஆற்றலுக்கு முடிவு இல்லாதவன், இன்பத்துக்கு வரம்பு இல்லாதவன் என்பவை ‘லெஸ்’. இயல்பாகவே பாசங்களிலிருந்து நீங்கியவன் என்று இன்னொன்று. இதில் ‘இயல்பாகவே’ என்பதுதான் உயிர்நிலை. முன்பு பாசம் இருந்து பிறகு கழன்றது என்று அர்த்தமில்லை. ஒருநாளும் இருந்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்றால் நேற்று இருந்தது, நாளை வரலாம் என்று பொருள். இறைவனிடம் மலம், அதாவது பாசம், இல்லை என்றால் அதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. ‘இல்லை’ என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் இரண்டு வேலை செய்கிறது.

அப்படியானால் உயிரிடம்? அங்கேதான் சிக்கல்.

ஒரு காலாண்டுத் தேர்வு முடிந்து பையன் ஒருவனின் பிராக்ரஸ் கார்டில், குறிப்பு எழுதும் கட்டத்தில், சக ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையில் ‘கேர்லெஸ்’ என்று எழுதியிருந்தார். பையனின் அப்பா நடவு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கணுக்காலில் சேறு காயவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துவிட்டு, “சார், இது இந்தப் பரீட்சைக்குப் போட்டதா, புள்ளைக்கே போட்டதா?” என்றார்.

சித்தாந்திகள் பேசும் தடத்த இலக்கணமும் சொரூப இலக்கணமும் இந்தக் கேள்விதான். ஒரு பொருளைச் சார்ந்து வந்தது எது, பொருளின் சொந்த இயல்பு எது?

‘குற்றமெல்லாம் நடுவில் ஒட்டியது, துடைத்தால் போய்விடும்’ என்பது ஒரு பதில். கேட்க இதமாக இருக்கும். சித்தாந்தம் அதை ஏற்கவில்லை. ஆணவ மலம் என்றைக்கோ ஒருநாள் வந்து சேர்ந்ததல்ல, அநாதி. சகசம், அதாவது கூடவே இருப்பது, என்றே அதற்குப் பெயர். ‘அவன் பிறவியே அப்படி’ என்பது இன்னொரு பதில். அதையும் சித்தாந்தம் ஏற்கவில்லை. மலம் உயிரோடு என்றும் இருந்தாலும் அது உயிரின் குணமல்ல. குணமாக இருந்தால் அது நீங்கும்போது குணியாகிய உயிரும் அழிந்துபோக வேண்டும்.

இதை விளக்கச் சைவ ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டது நெல்லை. நாற்றங்காலுக்கு விதை ஊறவைக்கும் நம்மூரில் இது சொல்லாமலே புரியும். உமியை அரிசிமேல் யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை, பால் பிடிக்கும்போதே இருக்கிறது. ஆனாலும் உமி அரிசியல்ல. உமியோடு இருக்கிறவரை முளைக்கும், குத்தினால் முளைக்காது. மலம் வலி இழந்த உயிர் மறுபடி பிறப்பதில்லை என்பது இதன் பொருள்.

ஆக, மலம் ஒட்டவைத்த விகுதியும் அல்ல, சொல்லின் பகுதியும் அல்ல என்று மூன்றாவதாக ஓர் இடத்தைச் சித்தாந்தம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. இந்த இடம் தெரியாதவர்கள் பிள்ளைகளை ஒன்று கொஞ்சிக் கெடுக்கிறார்கள், அல்லது முத்திரை குத்திக் கெடுக்கிறார்கள்.

ஆனால் ‘அநாதி’ என்பது ஆபத்தான சொல். கண்ட இடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது. நம் ஜில்லாவைப் பற்றிய எந்த ஆங்கில அறிக்கையைப் புரட்டினாலும் ‘லேண்ட்லெஸ்’ வரும். அதற்கு எதிர்ச்சொல் ‘லேண்ட்ஃபுல்’ இல்லை, ‘லேண்டட்’. மிராசுதாருக்கு ‘எட்’, பண்ணையாளுக்கு ‘லெஸ்’. இந்த ‘லெஸ்’ஸையும் பூர்வ வினை என்று சொல்லி வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பிற்பாடு காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பகுதியில் நிலமற்றவர்களுக்காக வேலை செய்தார்கள், 1981-இல் லாப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்தை வாங்கி உழைக்கும் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரத்தோடு கழன்றுபோகிற ‘லெஸ்’ எப்படி அநாதியாகும்? அது மனிதன் போட்ட விகுதி. போட்டவன் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுக்க வைக்க வேண்டும். ஆணவத்துக்குச் சொன்னதைப் பட்டாவுக்குச் சொல்வது சித்தாந்தமே அல்ல.

உயிரைப் பற்றிச் சித்தாந்தம் சொல்லும் இன்னொன்றும் உண்டு. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும். மலத்தைச் சார்ந்தால் மலமாகவே நிற்கும், சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவே நிற்கும். எட்டாம் வகுப்புப் பையன் எதைச் சார்கிறான்? அப்பாவை, கூட்டாளிகளை, வாத்தியார் சொல்லும் சொல்லை. ‘கேர்லெஸ்’ என்று எழுதுகிறவர் தான் கண்டதைக் குறித்துவைத்ததாக நினைக்கிறார். உண்மையில் அவன் சாய்ந்துகொள்ள ஒரு தூணை நட்டுவிடுகிறார், அவனும் வருஷக்கணக்கில் அதில் சாய்ந்துகொள்வான்.

அதனால் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், மூன்றாவது கணக்கில் கழித்தலைக் கூட்டலாகப் போட்டிருக்கிறான் என்று எழுதலாம். ஆளுக்கு அடைமொழி வேண்டாம்.