துளையும் ஒரு பொருளே

டெட்ரா எத்தில் ஆர்த்தோசிலிகேட், எத்தனால், தண்ணீர், சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம், கூடவே சி.டி.ஏ.பி. என்ற சோப்பு வகை வேதிப்பொருள். இந்தக் கரைசலில் கண்ணாடி ஸ்லைடை முக்கி, சீரான வேகத்தில் மேலே தூக்குவது என் தொழில். எத்தனால் ஆவியாகும்போதே சி.டி.ஏ.பி. மூலக்கூறுகள் உருளைகளாகத் திரண்டு அடுக்கி நிற்கும். அவற்றைச் சுற்றிச் சிலிகா இறுகும். உலையில் சுமார் 400 டிகிரி செல்சியஸில் வைத்தால் சி.டி.ஏ.பி. எரிந்து போகும். எஞ்சுவது 2, 3 நானோமீட்டர் அகலத் துளைகள் கொண்ட மெல்லிய படலம்.

அந்தத் துளைகளை நான் செய்தேன் என்று சொல்லலாமா? செய்யப்பட்டதாக அங்கே ஏதேனும் உண்டா?

வைசேடிகத் தத்துவத்தை நிறுவிய கணாதர், உலகில் உள்ளவற்றை ஆறு பொருள்களாக வகுத்தார். பின்வந்த வைசேடிகர் அபாவத்தை, அதாவது இன்மையை, ஏழாவதாகச் சேர்த்தனர். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்திலும் ஏழுதான். சிவஞான முனிவர் அந்த நூலை 18-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் தந்துவிட்டார். மீமாம்சை என்ற வேறு மரபினரான பிரபாகரர் இன்மையைத் தனிப் பொருளாக ஒப்பவில்லை. தரையில் குடம் இல்லை என்றால் வெறும் தரை இருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

அதை எளிதில் தள்ளிவிட முடியாது. துளை என்பது சுவர்களின் அமைப்பு மட்டுமே என்று அவர் வழி நிற்பவர் வாதிடலாம். சரி, அந்த அகலம் எங்கிருந்து வந்தது? எரிந்துபோன மூலக்கூறின் வால் நீளத்திலிருந்து. வால் குட்டையான மூலக்கூறைப் போட்டால் துளையும் சிறுக்கும். எதனுடைய இன்மை என்று சுட்டாமல் இன்மையைப் பேசக்கூடாது என்பது வைசேடிகரின் இணை மரபினரான நையாயிகர் விதி. அந்த 'எது' அவர்கள் மொழியில் பிரதியோகி. இங்கே பிரதியோகி அழிந்தும் அதன் அளவு அழியவில்லை.

படலத்தின் மேல் வாயால் ஊதினால் நிறம் மாறும். மூச்சின் ஈரம் துளைக்குள் புகுகிறது. சற்று நேரத்தில் வெளியேறி, பழைய நிறம் திரும்புகிறது. நீரின் இன்மை போனது, வந்தது. எரிந்த மூலக்கூறின் இன்மையோ நீர் நிறைந்திருந்தபோதும் அங்கேயே இருந்தது. தொடக்கம் உண்டு, முடிவில்லை என்று அழிவுபாட்டபாவத்துக்கு, அதாவது ஒன்று அழிந்தபின் வரும் இன்மைக்கு, அவர்கள் சொன்ன இலக்கணம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஒரே துளையில் இரண்டு இன்மைகள்! வெறும் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

இத்தகைய துளைகளைக் காட்டி இதுவே சூனியம் என்போரிடம் எனக்கு உடன்பாடில்லை. சூனியக் கொள்கையை வகுத்த பௌத்தரான நாகார்ச்சுனர் பேசியது வெற்றிடத்தைப் பற்றியதன்று. எதற்கும் தானாய் நிற்கும் இயல்பில்லை என்றார் அவர். அது துளைக்கும் பொருந்தும், சுவருக்கும் பொருந்தும்.

இந்தத் துளைகள் ஒரு வேலையும் செய்கின்றன. கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதைத் தடுக்கப் பூச்சின் ஒளிவிலகல் எண் 1.23 அளவில் இருக்க வேண்டும். கெட்டிச் சிலிகாவுக்கு 1.46. பாதி இடம் காலியானால்தான் எண் அவ்வளவு இறங்கும். சூரியத் தகடுகளின் கண்ணாடிக்கு இத்தகைய பூச்சு இடுவது இதற்காகவே. உண்டாக்கவும், அளக்கவும், வேலை வாங்கவும் முடிகிற ஒன்றை இல்லாதது என்று தள்ள எனக்கு மனமில்லை. பொருள்கள் ஏழு என்றவர்கள் பக்கமே நான்.