இன்னும் வராதவருக்கு ஊர் பட்ட கடன்

ஒரு நகரத்தின் வருங்கால வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை அங்கு இன்று வாழ்பவர்களுக்கு மட்டுமே உரியதா, அல்லது அம்முடிவின் பாரத்தைச் சுமக்கப்போகிற அயலூராருக்கும் இன்னும் அங்கு வந்து சேராதவர்களுக்கும் அதில் பங்குண்டா என்னும் கேள்வி அறவியலுக்குப் புதிதன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அது சட்டக் கடமையாகவே பத்தாண்டுக்கு ஒருமுறை எழுகிறது. மினியாபோலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களை உள்ளடக்கிய ஏழு மாவட்டங்களின் உள்ளாட்சிகள், 1976இல் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட பெருநகர நிலத் திட்டமிடல் சட்டத்தின்படி, தத்தம் முழுமைத் திட்டத்தை, அதாவது நிலப் பயன்பாடு, குடியிருப்பு, சாலை, பூங்கா, கழிவுநீர் ஆகியவற்றை ஒருசேர நோக்கி வகுக்கும் ஆவணத்தை, புதுப்பித்துப் பெருநகர மன்றத்தின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

இம்மன்றம் பிறந்த காரணம் கழிவுநீர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் பாதாளச் சாக்கடைக்குக் காத்திராமல் விரிந்தன; வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கும் அதே மனையில் ஒரு கிணறும் அமைந்தன; 1950களின் இறுதியில் கிணற்று நீர் சோதிக்கப்பட்டபோது பல கிணறுகளில் கழிவு கலந்திருப்பது தெரியவந்தது. தன் மனைக்குள் செய்ததற்குத் தானே பொறுப்பு என்று ஒவ்வொரு வீட்டாரும், தன் எல்லைக்குள் செய்வது தன் உரிமை என்று ஒவ்வொரு புறநகரும் கருதியதன் விளைவு குடிநீரிலேயே வந்து நின்றபோது, தனித்தனி ஊர்களால் அதைத் தீர்க்க இயலாது என்று கண்ட சட்டமன்றம் 1967இல் பெருநகர மன்றத்தை நிறுவியது.

புதுப்பிக்கும் பணி, மன்றம் ஒவ்வோர் ஊருக்கும் அனுப்பும் கட்டமைப்பு அறிக்கையில் தொடங்குகிறது. அந்த ஊருக்கு வரக்கூடிய மக்கள்தொகை, குடும்பங்கள், வேலைகள் ஆகியவற்றின் மதிப்பீட்டையும், சாக்கடை, சாலை முதலிய பொதுக் கட்டமைப்புகளில் அதற்குள்ள இடத்தையும் அது சொல்லும். ஊரின் வரைவு அண்டை உள்ளாட்சிகளுக்கும் பள்ளி மாவட்டங்களுக்கும் சென்று, அவை கருத்துரைக்க மாதக்கணக்கில் அவகாசம் தரப்பட்ட பின்னரே மன்றத்தை அடைகிறது. பொதுக் கட்டமைப்புகளோடு பொருந்துகிறதா, வட்டாரக் கொள்கையோடு முரண்படாமல் இருக்கிறதா, அண்டை ஊர்களின் திட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்னும் மூன்று அளவுகோல்களால் மன்றம் அதை நிறுத்துப் பார்க்கிறது. வெற்று நிலமாகக் கிடக்கும் ஒரு வயலுக்கு எதிரே ஏக்கருக்கு இத்தனை வீடுகள் என்று திட்டப் பட்டியலில் எழுதப்படும் எண் வறண்ட நிர்வாகக் குறிப்பாகத் தோன்றலாம். யார் அந்த ஊருக்குள் வர இயலும், யார் இயலாது என்பதை அந்த எண்தான் பெரிதும் முடிவு செய்கிறது.

செயின்ட் பாலுக்குக் கிழக்கே உள்ள லேக் எல்மோ, தன் கிராமிய இயல்பைக் காக்க விரும்பி, வட்டாரச் சாக்கடை இணைப்போடு வரும் அடர்த்தியான வளர்ச்சியை ஏற்காத திட்டத்தைச் சமர்ப்பித்தது. திருத்துமாறு மன்றம் ஆணையிட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று 2004இல் மன்றத்துக்குச் சாதகமாக முடிந்தது. வயல்களையும் திறந்த வெளிகளையும் நேசித்து அவற்றைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நினைப்பது குறுகிய மனம் அன்று. ஆனால் ஓர் ஊர் மறுக்கும் வீடுகள் மறைந்துவிடுவதில்லை. அவை அதைத் தாண்டி இன்னும் தொலைவிலுள்ள வயல்களை விழுங்குகின்றன, நீளும் சாலைக்கும் குழாய்க்கும் எல்லோரும் பணம் கட்டுகிறார்கள்.

இங்கே கத்தோலிக்கச் சமூகப் போதனையின் ஒரு கோட்பாடு உதவுகிறது. சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931இல் வெளியிட்ட சுற்றுமடல் வலியுறுத்தியது. உள்ளாட்சி உரிமையைப் பேசுவோர் இப்பகுதியோடு நிறுத்திக்கொள்வதுண்டு. அக்கோட்பாட்டின் மறுபாதியோ, சிறியதால் செய்ய இயலாததைப் பெரியது ஏற்றுத் துணைநிற்க வேண்டும் என்பது. தெருவின் அகலமும் கடைவீதியின் இடமும் ஊரின் பொறுப்பு. தன் கழிவு எந்த ஆற்றில் சேர்கிறது, தான் மறுத்தவர் எங்கே குடியேறுகிறார் என்பவை ஓர் ஊர் தனித்து விடை காணக்கூடியவை அல்ல. ஆகவே வட்டார நிபந்தனை தன்னாட்சியின் மீது விழும் அடி என்பதைவிட, அத்தன்னாட்சி எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் எல்லை என்பதே பொருத்தம்.

கடினமான பகுதி வேறு. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருபவர்கள் ஏற்கெனவே அங்கு வீடு உள்ளவர்கள். கட்டப்படாத வீட்டில் வாழ்ந்திருக்கக்கூடியவர் தமக்கு இழப்பு நேர்ந்ததையே அறியமாட்டார். நம் தேர்வுகளே எதிர்காலத்தில் யார் பிறப்பார்கள் என்பதை மாற்றுமானால், அத்தேர்வால் எந்தக் குறிப்பிட்ட மனிதருக்குத் தீங்கு செய்ததாகச் சொல்வது என்று தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட் 1984இல் எழுப்பிய சிக்கல் இதற்கு நெருங்கியது. பாதிக்கப்பட்டவர் பெயரற்றவர் என்பதால் கடமை கரைந்துவிடுவதில்லை. மேலும் இங்கே வராதவர்கள் எல்லோரும் தற்செயலாக வராதவர்களும் அல்லர்: மினியாபோலிஸில் 1910 முதல் கறுப்பின மக்களுக்கு விற்கக் கூடாது என்னும் நிபந்தனைகள் வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டன. அந்நகர மன்றம் 2018 டிசம்பரில் ஏற்ற 2040 திட்டம், ஒரு மனைக்கு ஒரு வீடு என்னும் கட்டுப்பாட்டை நீக்கி மூன்று குடியிருப்புகள் வரை அனுமதித்தபோது, வட்டார விதி கேட்டதற்கும் மேலே சென்று, அந்த விலக்கலின் வரலாற்றையும் கணக்கில் எடுத்தது. சுற்றுச்சூழல் பாதிப்பைக் காட்டித் தொடரப்பட்ட வழக்கால் அத்திட்டம் நீதிமன்றத்தில் தடைப்பட்டு, 2024இல்தான் மீண்டது; அவ்வாண்டின் மாநிலச் சட்டத் திருத்தமும் அதற்குத் துணைநின்றது.

பெருநகர மன்றத்தின் 17 உறுப்பினர்களும் ஆளுநரால் நியமிக்கப்படுபவர்கள்; வாக்காளருக்குப் பதில் சொல்லாத அமைப்பு ஊர்களின் திட்டத்தைத் திருத்தச் சொல்வது மக்களாட்சிக்கு உறுத்தலே, இக்குறையை மறுக்க இயலாது. ஆயினும் அவர்களைத் தேர்தல் வழி அமர்த்தினால், தேர்ந்தெடுப்பவர்கள் மீண்டும் இன்றைய குடிகளே. இன்னும் வராதவருக்கு அப்போதும் வாக்கு இல்லை.