பதியில் ஒரு கண்ணாடி

சாமித்தோப்புக்கு என்னை முதன்முதலில் கூட்டிப்போனது என் பாட்டி. எனக்கு அப்போது ஏழு வயது. முத்திரிக் கிணற்றில் தண்ணீர் கோரித் தலையில் ஊற்றினார்கள். ஈரம் சொட்ட நின்ற என் தலையில் பாட்டா ஒரு துண்டைச் சுற்றித் தலைப்பாகை கட்டிவிட்டார். நெற்றியில் சுடர் வடிவத்தில் வெள்ளைத் திருநாமம். பதி என்று சொல்லும் அந்த வழிபாட்டிடத்துக்குள் சாமி சிலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே விளக்குகளுக்கு நடுவே இருந்தது ஒரு நிலைக்கண்ணாடி. தலைப்பாகை கட்டிய கறுத்த பையன் ஒருவன் அதற்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். "சாமி எங்க பாட்டி?" என்றேன். "நல்லா பாரு மக்கா" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்தத் தலைப்பாகையின் கதையை வளர்ந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் எங்கள் நாடார் சமூகத்து ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, மார்பை மறைக்கக்கூடாது. சாமித்தோப்பில் நாங்கள் வணங்கும், 1809இல் பிறந்த அய்யா வைகுண்டருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த முடிசூடும் பெருமாள் என்ற பெயருக்கே எதிர்ப்பு வந்து, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியிருந்தது என்பார்கள். பெயரில் முடியைப் பறிகொடுத்த அந்த மனிதர்தான் பிற்காலத்தில் தம் மக்களிடம், தலையில் துணியைச் சுற்று, அது உன் கிரீடம், கண்ணாடியில் உன்னைப் பார், நீ தேடுவது அங்கே இருக்கிறது என்று சொன்னார். எல்லாச் சாதிக்காரரும் ஒரே கிணற்றில் குளிக்கலாம் என்றார். அதற்கு விலையாகத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் கிடந்தார்.

பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலைக்கான போராட்டம் 1822இல் தொடங்கி 1859 வரை நடந்தது. சந்தைக்குப் போன பெண்களின் மேல்துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26இல் உத்தரம் திருநாள் மகாராஜா பிறப்பித்த ஆணைகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தாமல் இருந்தால் மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் அனுமதித்தது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பாட்டியின் குரல் உடையும். தன் பாட்டிக்கு நடந்ததை நேற்று நடந்ததுபோலச் சொல்வார்.

அதே பாட்டியின் அடுக்களைக்குப் பின்னால், கிணற்றுக்கல்லின் பக்கத்தில், இரண்டு சிரட்டைகள் எப்போதும் கவிழ்ந்து கிடக்கும். எங்கள் தென்னந்தோப்பில் மண் வெட்ட வரும் சாம்பவர் குடிப் பெரியவர் அவற்றில் ஒன்றை எடுத்துக் கழுவி நீட்டுவார். பாட்டி செம்பை உயர்த்திப் பிடித்துக் கருப்பட்டிக் காப்பியை ஊற்றுவார். செம்பு சிரட்டையில் படாது. குடித்து முடித்ததும் அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். என் பாட்டாவின் வயதிருக்கும் அவருக்கு. நான் அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது.

முத்திரிக் கிணற்றில் குளித்த கை அது. கண்ணாடிக்கு முன்னால் கும்பிட்ட கை. பாட்டியை நான் கொடியவர் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெரியவரின் மகளுக்குப் பேறுகாலம் வந்தபோது நெல்லும் கருப்பட்டியும் கொடுத்தனுப்பியவர் அவர்தான். ஆனால் தனக்கு நேர்ந்த அவமானத்துக்கு முழுக்க விழித்திருந்த அந்த மனம், தன் கையால் நேரும் அவமானத்தின்மேல் அயர்ந்து தூங்கியது. ஒரே மனதில் இரண்டும் எப்படிக் குடியிருக்கின்றன என்ற கேள்விதான் என்னை நாற்பது ஆண்டுகளாகத் துரத்துகிறது.

போன மாதம் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, ஒருத்தர் என்னைய ‘வோக்’குன்னு திட்டுறாரு. அது கெட்ட வார்த்தையா?" சமூக அநீதிகளைப் பற்றி எப்போதும் பேசுகிறவர்களைக் கேலி செய்ய இப்போது அந்தச் சொல்லை வீசுகிறார்கள். அதன் பிறப்பைத் தேடிப் படித்ததை அவளுக்குச் சொன்னேன்.

1931இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு சரக்கு ரயிலிலிருந்து ஒன்பது கறுப்பினச் சிறுவர்களையும் இளைஞர்களையும் இறக்கினார்கள். வெள்ளைப் பெண்கள் இருவரை வன்புணர்ந்ததாகப் பொய்க் குற்றம் சாட்டி, ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் அவசர அவசரமாக விசாரித்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அந்தத் தண்டனை நிறைவேறவில்லை, ஆனால் அவர்களுடைய இளமை சிறைகளில் கழிந்தது. அவர்களைப் பற்றி லெட் பெல்லி என்ற பாடகர் பாடி 1938இல் ஒலிப்பதிவு செய்தார். பாட்டின் முடிவில் பேசும்போது, அந்தப் பக்கம் போகிறவர்கள் கண்விழித்து இருக்க வேண்டும் என்று எச்சரித்தார். ‘விழித்த’ என்று பொருள்படும் ‘வோக்’ என்ற சொல் இந்த எச்சரிக்கைப் பொருளில் பதிவான மிகப் பழைய இடங்களில் அதுவும் ஒன்று. தன் உயிருக்கு ஆபத்து உள்ளவன், உயிருக்கு ஆபத்து உள்ள இன்னொருவனுக்குச் சொன்ன சொல் அது. அங்கே தூங்கினால் தூங்குகிறவனே சாவான்.

மார்ட்டின் லூதர் கிங்கும் விழித்திருப்பதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார். 1965இல் ஓபர்லின் கல்லூரியில் பேசிய அதே பொருளை 1968 மார்ச் 31இல் வாஷிங்டன் தேசியப் பேராலயத்திலும் எடுத்துக்கொண்டார். ஒரு புரட்சியையே தூங்கிக் கழித்த ரிப் வான் விங்கிள் கதையை அங்கே சொன்னார். நான்கு நாள் கழித்து மெம்ஃபிஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

"அப்ப அது நல்ல வார்த்தைதானே தாத்தா?" என்றாள். நல்ல வார்த்தைதான். விழிப்புக்கு உண்டான விலையை விழித்தவனே கொடுக்கும்வரை அது நல்ல வார்த்தை. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை.

1994இல் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். பெரியாரையும் அம்பேத்கரையும் வாசித்து, வாசகர் வட்டங்களில் பேசி, எங்கே எந்த அநீதியைக் கண்டாலும் உடலே கொதிக்கும் காலம் அது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், ஒல்லி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வகுப்பில் யாராவது வாந்தி எடுத்தால், தண்ணீர்த்தொட்டி அடைத்துக்கொண்டால், ஆசிரியர் ஒருவர் அவனைத்தான் கூப்பிடுவார். மூன்று முறை பார்த்தேன். அவன் என்ன சாதி என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது முறைக்கு மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் மேடை ஏறினேன். பையனை முன்னால் அழைத்து நிறுத்தினேன். நடந்ததைச் சொன்னேன். ஏன் இவனை மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அதன் பதிலையும் நானே சொன்னேன், சாதியின் பெயரோடு. அந்த ஆசிரியர் தலை குனிந்து நின்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற பையன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு நினைவில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிறகு அவன் வீட்டைத் தேடிப் போனபோது அவன் அம்மா வாசலில் நின்றே பேசினார். குரலில் கோபம் இல்லை. "நாங்க என்ன ஆளுன்னு வகுப்புல நாலு பேருக்குத்தான் சார் தெரியும். நீங்க நானூறு பேருக்குச் சொல்லிட்டீங்களே." பையன் உள்ளேதான் இருந்தான், வெளியே வரவில்லை. அவன் மறுபடி எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. மாமாவோடு லேத் பட்டறை வேலைக்குப் போய்விட்டான்.

மேடையில் நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் விவிலியத்தில் லூக்கா எழுதிய அந்த இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஆலயத்துக்கு வேண்டப் போன பரிசேயரும் வரி வசூலிக்கிறவரும். பரிசேயரும் பொய் சொல்லவில்லை. நோன்பு இருந்தார், பத்தில் ஒரு பங்கு கொடுத்தார், எல்லாம் உண்மை. கடவுளை நோக்கி நின்றவர் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்துத் தன்னை அளந்துகொண்டார், வேண்டுதல் அங்கே கெட்டுப்போயிற்று. நானும் அன்று அந்த ஆசிரியரின் குனிந்த தலையை வைத்துத்தான் என் உயரத்தை அளந்துகொண்டேன். பையன் எனக்கு அளவுகோலாக நின்றான்.

அந்த ஆசிரியர் செய்தது தவறு. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அதற்குப் பின் அவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைகளைத் துப்புரவு வேலைக்கு விடுவது பற்றி அந்தப் பள்ளியில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் என் சண்டையாகப் பார்க்கப்படும் என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். வழக்கம் மாறவில்லை, ஆள்தான் மாறியது. வேறொரு பையனைக் கூப்பிட்டார்கள்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது எளிய காரியம். வகுப்புக்குள் போய்த் துடைப்பத்தை நானே எடுத்திருக்க வேண்டும். வாந்தியைத் தமிழாசிரியர் அள்ளிக் கொட்டுவதை அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். பிறகு தலைமையாசிரியரிடம் போய், துப்புரவுப் பணியாளர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கிடைக்கும்வரை விடாமல் நின்றிருக்க வேண்டும். யார் பெயரும் சாதியும் வெளியே வந்திருக்காது. எனக்குக் கைதட்டலும் கிடைத்திருக்காது.

அந்தத் துடைப்பத்தை நினைக்கும்போது வைகுண்டர் நினைவுக்கு வருகிறார். அவர் தம்மை நம்பி வந்தவர்களை முதலில் வாகைப்பதிக்கும் பிறகு முட்டப்பதிக்கும் அனுப்பித் துவையல் தவசு இருக்கச் சொன்னார். கடற்கரையில் குடும்பம் குடும்பமாகத் தங்கி, நாள்தோறும் குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, எளிய சாப்பாடு சாப்பிட்டு, கூடி வாழ்ந்தார்கள். விழித்துக்கொண்ட ஒரு கூட்டத்துக்கு அவர் கொடுத்த முதல் வேலை, தன் அழுக்கைத் தானே துவைப்பது. இதைச் சுத்தபத்தமாக இருக்கச் சொன்ன ஒழுங்கு என்று மட்டுமே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் அதைவிடப் பெரிய நியாயம் தெரிகிறது.

சாதியை எதிர்த்த வேறு இருவரும் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1872இல் வள்ளலார் எழுப்பிய வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் விலகினால் சோதியும் கண்ணாடியும். 1927இல் நாராயண குரு களவங்கோடத்தில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். நீ தாழ்ந்தவன் அல்ல என்று சொல்வதற்குக் கண்ணாடியை விடச் சிறந்த சிலை இல்லை. ஆனால் தலைப்பாகையைக் காட்டும் கண்ணாடி, செம்பை உயர்த்திப் பிடித்த கையையும் காட்டும். பெருமையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டால் பாதிக் கும்பிடுதான் ஆயிற்று.

இதைப் படித்துவிட்டு, அதனால்தான் சொல்கிறோம், பேசாமல் இருங்கள் என்று சொல்ல வருகிறவர்களுக்கு நான் உடன்பட மாட்டேன். கிராமங்களில் இரட்டைக் குவளை இருந்ததையும், சாக்கடைக் குழிகளில் இறங்கி மனிதர்கள் செத்ததையும் பேசியவர்கள் இல்லாமல் ஒரு சட்டமும் வந்திருக்காது. மனிதரைக் கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது, மறுபடியும் 2013இல் வந்தது. அதற்குப் பிறகும் குழிகளில் சாகிறார்கள். இந்த நாட்டில் விழிப்பு மிகையாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு எரிகிறது. தூக்கம்தான் இன்னும் மிகை.

நான் அஞ்சுவது விழிப்பு பேச்சோடு தீர்ந்துபோவதை. என் பழைய மாணவர்கள் நடத்தும் வாட்சாப் குழுவில் ஒருவன் ‘ஊனமுற்றோர்’ என்று எழுதிவிட்டான். ‘மாற்றுத்திறனாளி’ என்று சொல்லத் தெரியாதா என்று இரண்டு நாள் அவனைப் பிய்த்தெடுத்தார்கள். அவன் மன்னிப்புக் கேட்டுக் குழுவை விட்டு வெளியேறினான். சொல் மாறியது நல்லதுதான், அந்த மாற்றத்தை நானும் வகுப்பில் கற்பித்தவன். ஆனால் எங்கள் ஊர் நூலகத்து வாசலில் மூன்று உயரமான படிகள் இருக்கின்றன. சாய்தளம் கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் பெண் ஒருத்தி வெளியே இருந்துகொண்டு, வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதி அனுப்புகிறாள். அந்த இரண்டு நாளில் குழுவில் யாரும் அந்தப் படிகளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இந்த வாரம்தான் மாவட்ட நூலகருக்கு மனு கொடுத்திருக்கிறேன்.

பேத்தியிடம் சிரட்டையைப் பற்றிச் சொன்னேன். பள்ளியில் நடந்ததையும் சொன்னேன். முன்பு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவள் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையன் வீட்டுக்கு எப்ப போனீங்க தாத்தா?" என்று கேட்டாள்.

பதினோரு நாள் கழித்துப் போனேன். அந்தப் பதினோரு நாளும் மேடையில் பேசியதைக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சிற்றிதழ் அதை வெளியிட்டது, பாராட்டிக் கடிதங்களும் வந்தன. அவன் வீடு பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். முதல் நாளே போயிருக்க வேண்டும்.