பிள்ளையின் பரீட்சையும் பெற்றோரின் நேர்த்தியும்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் அர்ச்சனைத் தட்டில் பழம், பாக்குடன் பேனையும் பென்சிலும் சேர்ந்துவிடும். பெற்றோர் பெயர், நட்சத்திரம் சொல்லி நேர்த்தி வைப்பர். அருகே 10 வயதுப் பிள்ளை நித்திரைக் கலக்கத்தில் தூணில் சாய்ந்து நிற்கும். அப்பரீட்சை யாருடையது என்ற கேள்வி அவ்விடத்திலேயே எழுகின்றது.

1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியின் வழிவந்தது இப்பரீட்சை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் நல்ல பாடசாலைக்குச் செல்லவேண்டும், உதவிப்பணம் பெறவேண்டும் என்பதே நோக்கம். ஆலங்கேணி, ஈச்சந்தீவு போன்ற ஊர்களில் அந்த வாசல் சிறியதன்று. ஆகவே பெற்றோரைப் பேராசைக்காரர் எனல் நியாயமாகாது.

ஆயினும், விடிய 4 மணிக்கு எழுப்பி, பாடசாலை விட்டதும் ரியூசனுக்கு அனுப்பி, இரவு 10 மணி வரை மாதிரி வினாத்தாளுடன் இருத்துவதைத் தவம் என்று சொல்பவர் உளர். தவம் என்பது தானே விரும்பி ஏற்பது. பிறர்மேல் சுமத்துவது எவ்வாறு தவமாகும்? அவ்வயதில் 9 மணி நேரத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும் என்பர் மருத்துவர். படித்தது மனதில் பதிவதற்கும் நித்திரை வேண்டும். விடிய 5 மணிக்குப் படிப்பது நல்லதே, முதல்நாள் 8 மணிக்குப் படுத்திருந்தால். (விறாந்தையில் தொலைக்காட்சி நாடகம் ஓடும் வீட்டில் அது நடவாது!)

வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளையும் ஆறாம் ஆண்டுக்குப் போகத்தான் போகின்றது. சாதாரண தரத்துக்கு இன்னும் ஆறு வருடம் உண்டு. வீட்டாரின் முகம் மாறுவதுதான் அதற்குப் பாரம். சித்தியடைந்தால் பொங்கல் என நேர்ந்தவர்கள், பெறுபேறு வருமுன்னரே, பரீட்சை முடிந்த முதல் வெள்ளிக்கிழமையே அப்பொங்கலை வைத்தால் என்ன?