கட்டளைக்கும் சக்கரத்துக்கும் நடுவே

நல்லது எதுவென்று தெரிந்தும் மனிதன் ஏன் அதைச் செய்யத் தவறுகிறான்? இந்தப் பழைய கேள்விக்குக் கட உபநிடதம் ஒரு தேரைக் காட்டுகிறது: உடல் தேர், புத்தி தேரோட்டி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். கிரேக்கத்தில் பிளேட்டோ, பைட்ரஸ் என்ற உரையாடலில் ஆன்மாவுக்கு ஒரு தேரோட்டியையும் இரண்டு குதிரைகளையும் தந்தார். ஒன்று சொன்னபடி கேட்கும், மற்றது முரண்டு பிடிக்கும். இரண்டு உவமைகளிலும் தேர் தடம் மாறினால் பழி குதிரைமேல் விழுகிறது, அல்லது அதை அடக்கத் தெரியாதவன்மேல் விழுகிறது. தவறு என்றாலே உள்ளே ஓர் எதிரி இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருப்பதற்கு இந்த உவமைகளும் ஒரு காரணம்.

குதிரையே இல்லாத ஒரு வண்டியை இந்தக் கேள்விக்கு முன் நிறுத்திப் பார்க்கலாம். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட கிளாட் பஸ்டர், ரிமோட்டில் ஓடும் பெரிய சக்கர டிரக். அச்சுக்கு ஒன்றாக இரண்டு மோட்டார். நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும். ஆனால் சக்கரங்களைத் திருப்பும் சர்வோ என்ற சிறு கருவி இருப்பது வண்டியின் சட்டமான சேசிஸில். அங்கிருந்து நீண்ட கம்பிகள் அச்சுகளுக்குப் போகின்றன. மேட்டில் ஏறும்போது அச்சு ஒரு வளைவில் எழும்பும், கம்பி வேறொரு வளைவில் நகரும். அந்த வித்தியாசம் சக்கரத்தைத் தள்ளிவிடும். யாரும் திருப்பாமலே வண்டி திரும்பும். தேய்ந்த இணைப்புகளில் பிளே எனப்படும் தளர்வும் சேர்ந்துவிட்டால் நேராக ஓட்டுவதே பெரும்பாடு. ஓட்டுபவரின் எண்ணத்தில் இங்கே குழப்பமில்லை. ரிசீவர் கட்டளையைச் சரியாகவே வாங்கியது. எதிர்த்து நிற்க வண்டிக்கு மனமும் கிடையாது. அப்படியும் தவறு நடக்கிறது, ரிமோட்டை எவ்வளவு அழுத்தித் திருப்பினாலும் அது தீர்வதில்லை. இந்த வண்டியோடு பழகியவர்கள் சர்வோவைக் கழற்றி அச்சின் மேலேயே பொருத்துகிறார்கள். அச்சு எழும்பினால் சர்வோவும் கூடவே எழும்பும். நீண்ட கம்பிக்கு வேலையில்லை. மேடுபள்ளம் சக்கரத்தைத் திருப்ப வழியில்லாமல் போகிறது.

நம் தவறுகளில் பெரும்பகுதி இந்த வகை என்றே நான் கருதுகிறேன். தீர்மானம் உண்மையானதுதான், தீர்மானத்துக்கும் கைக்கும் நடுவில் தூரம் அதிகம். சமயங்கள் இதை அறிந்திருந்தன. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிகளை வரிசைப்படுத்தும்போது கோயிலைக் கூட்டுவதையும் பூப்பறிப்பதையும் முதற்படியில் வைத்தது. பக்தி செய்வோம் என்று நினைத்திருப்பவனுக்கும் பக்திக்கும் நடுவே நூறு மேடுபள்ளம். விடியலில் கையில் துடைப்பம் இருப்பவனுக்கு அவ்வளவு இல்லை.

இப்படிச் சொன்னால் பொறுப்பு நழுவிவிடாதா, குற்றவாளி கம்பியைக் கைகாட்டித் தப்பிவிடமாட்டானா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரிஸ்டாட்டில் இதற்கு வழி காட்டியிருக்கிறார்: குடிபோதையில் செய்த தவறுக்கு ஒருவன் பொறுப்பு, ஏனென்றால் குடிக்காமலிருப்பது அவன் கையில் இருந்தது. பொறுப்பு மறைவதில்லை, முன்னதாக நகர்ந்துவிடுகிறது: வண்டி கவிழ்ந்த நொடியிலிருந்து, பிளேயைப் பார்த்தும் விட்டுவிட்ட நேற்றைய மாலைக்கு. தன்னைப் பழுதுபார்க்கும் கையும் தளர்ந்த கைதானே என்பது இதைவிடக் கடினமான ஆட்சேபம். டிரக்குக்கு வெளியே ஒருவர் இருக்கிறார், நமக்கு? ஆணவத்தின் பிடியை உயிர் தன் பலத்தால் மட்டும் விடுவித்துக்கொள்ள முடியாது, அருள் வேண்டும் என்று சித்தாந்தம் சொல்வது இந்த இடத்தில்தான். என் வாதம் அதை மறுக்கவில்லை. அருளுக்குக் காத்திருப்பவனும் திருகாணியை முடுக்கலாம் என்கிறது, அவ்வளவே.

எல்லா இணைப்பையும் இரும்பாக இறுக்கிவிடுவதும் விடையாகாது. சர்வோவுக்கும் கம்பிக்கும் இடையே சர்வோ சேவர் என்றொரு சிறு ஸ்பிரிங் அமைப்பு உண்டு. சக்கரம் கல்லில் மோதும்போது அது வளைந்துகொடுக்கும். இல்லையென்றால் சர்வோவின் பற்சக்கரம் உடையும். தேய்ந்த பிளேயும் அசைகிறது, இதுவும் அசைகிறது. பிளே போன இடத்திலேயே நின்றுவிடும், ஸ்பிரிங் நடுநிலைக்குத் திரும்பும். சமய விதியிலும் இப்படியொரு ஸ்பிரிங் உண்டு: ரமலானில் நோயாளியும் பயணியும் நோன்பை விடலாம் என்று இஸ்லாம் அனுமதிக்கிறது. விட்ட நாட்களை எண்ணி, பின்னர் வேறு நாட்களில் நோற்கச் சொல்கிறது.