விழாத கோல் யார் கணக்கில்?

அடையாறு பக்கத்தில் கீதை உபன்யாசத்துக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. 1882-இல் ஆற்றின் தென்கரைக்குக் குடிவந்தது தியசாபிகல் சொசைட்டி. பின்னாளில் அதற்குத் தலைவரான அன்னி பெசன்ட், அந்தப் பதவிக்கு வருமுன்பே, 1895-இல், கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். இன்றும் ஏதாவது ஒரு கோயில் மண்டபத்தில் மைக் கட்டி, பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று யாராவது விளக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்பவர்களுக்கு எழும் சந்தேகமும் பழையதுதான். பலனை நினைக்காமல் எந்த வேலையை உருப்படியாகச் செய்ய முடியும்? நோயாளி பிழைப்பாரா என்ற கவலையே இல்லாத டாக்டரிடம் யார் போவார்கள்? வழக்கமாக வரும் சமாதானம் ஒன்று உண்டு: கவலைப்படாமல் செய்தால் வேலை நன்றாக அமையும், பலன் தானாக வந்து சேரும். இது பதிலே அல்ல. பலனைச் சுற்றுவழியில் போய்ப் பிடிக்க ஒரு யோசனை, அவ்வளவுதான். நேர்மையான பதில் வேண்டுமென்றால் ஹாக்கி கோல்கீப்பரின் வேலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கலாம் என்பது என் கட்சி. வியாக்கியானங்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவற்றில் ஒன்று, இவரைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சரியாக விளங்குகிறது.

முன்கள ஆட்டக்காரர் கோல் போட்டால் பலகையில் எண் மாறுகிறது. கோல்கீப்பர் பந்தைத் தடுத்தால் பலகை அப்படியே இருக்கிறது. அவர் தவறவிட்டது மட்டுமே அதில் ஏறும். இந்தூருக்கு அருகில் மாவ் என்ற ராணுவ ஊரைச் சேர்ந்த சங்கர் லட்சுமணனைப் பாருங்கள். மராத்தா லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய். 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளில் இந்தியாவுக்காகக் கோலில் நின்றவர். மூன்றிலும் எதிரணி பாகிஸ்தான். மூன்றும் 1-0 என்றுதான் முடிந்தன. முதலாவதும் மூன்றாவதும் இந்தியாவுக்கு, நடுவில் உள்ளது பாகிஸ்தானுக்கு. அதாவது மூன்று இறுதிப் போட்டிகளில் லட்சுமணனைத் தாண்டிப் போனது ஒரே ஒரு பந்து. மெல்போர்னில் கோல் போட்டவர் ரந்தீர் சிங் ஜென்டில் என்றும், டோக்கியோவில் மொகிந்தர் லால் என்றும் ஹாக்கிப் பித்தர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்த 1-0-இல் பூஜ்யமும் ஒருவருடைய உழைப்புதான். ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் யாரும் பெயர் எழுதுவதில்லை.

இல்லாத ஒன்றை இருப்பதாக எடுத்துக்கொள்ளலாமா என்று நம் தர்க்க மரபில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. வைசேஷிகர்கள் பிற்காலத்தில் அபாவத்தை, அதாவது இன்மையை, ஏழாவது பதார்த்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மீமாம்சையில் குமாரில பட்டர் இன்மையை அறிவதற்கென்றே அனுபலப்தி என்று ஒரு தனிப் பிரமாணம் வைத்தார். பிரபாகரர் அதை ஏற்கவில்லை. தரையில் பானை இல்லை என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன உதாரணம். கோல்கீப்பரின் இன்மை இதைவிடச் சிக்கலானது. வந்திருக்க வேண்டிய பானை வராமல் போனது இது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அந்த மருத்துவமனையில் 1955-இல் சேர்ந்து, 2021-இல் மறையும்வரை அங்கேயே உழைத்த டாக்டர் சாந்தா, முன்கூட்டியே கண்டறிவதையும் புகையிலைத் தடுப்பையும் விடாமல் வலியுறுத்தியவர். கர்ப்பப்பை வாயில் புற்றாக மாறக்கூடிய செல்களைப் பரிசோதனையில் கண்டு அகற்றிவிட்டால், அந்தப் பெண் புற்றுநோயாளி ஆவதே இல்லை. குணமானவர் திரும்பி வந்து கைகூப்பி நன்றி சொல்வார். நோயே வராதவர் எதற்கு வரப்போகிறார்? அகற்றியிராவிட்டால் இவருக்கு நோய் வந்தே தீர்ந்திருக்கும் என்று அந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது.

பலனைக் கையில் பிடித்துக் காட்டவே முடியாத இத்தகைய வேலையில் பலனைத் துறப்பது என்றால் என்ன? கர்மண்யேவாதிகாரம் பேசும் அந்தப் புகழ்பெற்ற சுலோகத்தில் நான்கு பகுதிகள் உண்டு. உபன்யாசங்களில் முதல் இரண்டுக்குத்தான் மவுசு. மூன்றாவதற்கு ராமானுஜர் தம் பாஷ்யத்தில் சொல்லும் பொருள் வேறு தினுசானது. செயலைச் செய்யும்போதே அதைச் செய்பவன் நான் அல்ல என்றும், பசி தீர்வது போன்ற பலனுக்கும் நான் காரணம் அல்ல என்றும் எண்ண வேண்டும் என்கிறார். பசி தீர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தீர்ந்தது என்னால் என்று எழுதிக்கொள்ளாதே என்கிறார். நான்காம் பகுதியோ சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே என்று முடிகிறது. ஆக, விடச் சொல்வது அக்கறையை அல்ல, உரிமை கொண்டாடுவதை.

ஒரு பெனால்டி கார்னரை அருகிலிருந்து பார்த்தால் இது வெறும் பக்திப் பேச்சு அல்ல என்பது தெரியும். கோல்கீப்பரும் இன்னும் நால்வரும் முகக்கவசம், முழங்கால் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்கள். எதிரணிக்காரர் பந்தை உள்ளிருந்து தள்ளிவிட்டதும் ஒருவர் அடிப்பவரின் மட்டையை நோக்கித் தலைதெறிக்க ஓடுகிறார், இன்னொருவர் கம்பத்தை ஒட்டி நிற்கிறார். வட்டத்தின் விளிம்பில், ஏறக்குறைய 14 மீட்டர் தூரத்தில், பந்து நிறுத்தப்பட்டு டிராக் ஃப்ளிக்காகக் கிளம்புகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றாலும் கோலை அடைய அரை வினாடிதான். காக்க வேண்டிய வாசல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். பந்து உள்ளே போகவில்லை என்றால் யாரால் போகவில்லை? ஓடிவந்தவர் கோணத்தை அடைத்ததாலா, பந்தை நிறுத்தியவர் ஒரு அங்குலம் பிசகியதாலா, கோல்கீப்பரின் இடது கால் காப்பாலா? என்னால்தான் என்று சொல்வது அடக்கமின்மை மட்டுமல்ல, தகவல் பிழையும்கூட. ராமானுஜர் கேட்கும் மனநிலை இங்கே உண்மை நிலவரத்தின் விவரணையாகவே ஆகிவிடுகிறது.

அக்கறை மட்டும் இம்மியும் குறைவதில்லை. உலகம் கண்ட மிகச் சிறந்த ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் என்று பலரும் சொல்லும் செக் நாட்டு டொமினிக் ஹாஷெக், வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டிகளில் தம் மீது பாய்ந்த ஒவ்வொரு ஆயிரம் அடியிலும் சராசரியாக 922-ஐத் தடுத்தவர். அவரையே நூற்றுக்கு ஏழெட்டு தாண்டிப் போயின என்றும் இதைப் படிக்கலாம். 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில், ஆட்டம் முடியச் சற்றேறக்குறைய ஒரு நிமிடம் இருக்கும்போது கனடா ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. வேறு ஒருவராக இருந்தால் அந்தக் கோலே மனதை அரித்திருக்கும். அடுத்து வந்த ஷூட்-அவுட்டில் கனடாவின் ஐந்து பேரையும் நிறுத்தினார் ஹாஷெக். இறுதியில் ரஷ்யாவை 1-0 என வென்று செக் அணி தங்கம் வாங்கியது. கொச்சிக்கு அருகே கிழக்கம்பலத்திலிருந்து வந்த இந்திய ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் விஷயத்திலும் இதே கதைதான். 2024 பாரிஸ் காலிறுதியில் 17-ஆம் நிமிடத்திலேயே அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மீதி ஆட்டம் முழுவதும் பத்துப் பேரோடு பிரிட்டனை 1-1 என்று கட்டிப் போட்டது இந்தியா. ஷூட்-அவுட்டில் பிரிட்டனின் முதல் இரண்டு முயற்சிகளும் கோல். மூன்றாமவர் கோலுக்கு வெளியே அடித்தார். நான்காமவரை ஸ்ரீஜேஷ் தடுத்தார். 4-2. முதல் இரண்டின் கணக்கைச் சுமந்துகொண்டு நான்காவதற்கு நிற்க முடியாது. தடுத்ததன் கணக்கைச் சுமப்பதும் அதே அளவு ஆபத்து.

இங்கே ஆற்றின் வடகரையிலிருந்து ஒரு மறுப்பு வரும். 1909-இல் அடையாறு கடற்கரையில் சிறுவனாகக் கண்டெடுக்கப்பட்டு உலக குருவாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, தமக்காக எழுப்பப்பட்ட அமைப்பையே 1929-இல் கலைத்துவிட்டுப் போனவர். பிற்காலத்தில் கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் ஆண்டுதோறும் பேசியவர். பற்றின்மையைப் பழகுவதும் ஒரு பற்றுதான், பயிற்சி மனதை இயந்திரமாக்கும் என்பது அவர் கட்சி. கோல்கீப்பரோ பயிற்சியால் ஆனவர். அப்படியானால் அவரிடம் இருப்பது விழிப்பா, பழக்க தோஷமா? கனமான கேள்விதான். ஆனால் இதற்கான விடையும் கிருஷ்ணமூர்த்தியிடமே இருக்கிறது. மொழி, தொழில், வீட்டுக்குப் போகும் வழி இவற்றுக்கெல்லாம் நினைவு வேண்டும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். பாராட்டும் அவமானமும் விட்டுப்போகும் தழும்புகளைத்தான் வேண்டாத சுமை என்கிறார். இந்த முன்கள ஆட்டக்காரர் கடைசிக் கணத்தில் மணிக்கட்டை இடப்புறம் திருப்புவார் என்பது முதல் வகை நினைவு. போன முறை இவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்பது இரண்டாம் வகை. முதலாவதை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டு இரண்டாவதைக் கழற்றிவிடுவதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமமே.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் கிடைத்ததும் ஸ்ரீஜேஷ் கோல்கம்பத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாரே, இவரையா பற்றற்றவர் என்பது என்று யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும். அவரை ஞானி என்று நான் சொல்லவில்லை. 1980 மாஸ்கோவில் சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற பின் 41 ஆண்டுகள் வராத பதக்கம் அது. ஜெர்மனியோடு 5-4 என்ற நிலையில், ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருக்கும்போது எதிரணிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்த பிறகு ஒரு மனிதர் கம்பத்தில் ஏறாமல் என்ன செய்வார்? வந்த சந்தோஷத்தை அனுபவிப்பதும், சந்தோஷத்துக்காகவே நின்றிருப்பதும் வேறுவேறு.

இதைவிடக் கசப்பான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை அலட்சியம் செய்ய முடியாது. பலனை எதிர்பாராதே என்ற உபதேசம் கொடுக்க வேண்டியவர்களுக்குத்தான் ரொம்ப சௌகரியம். லட்சுமணன் 2006-இல் மாவிலேயே, காலில் அழுகல் நோய் கண்டு, வசதியில்லாமல் அவதிப்பட்டு இறந்தார். 1972 மியூனிக் வெண்கல அணியின் கோல்கீப்பர், கண்ணூரைச் சேர்ந்த மானுவல் ஃப்ரெடரிக்குக்குத் தயான் சந்த் விருது வந்து சேர்ந்தது 2019-இல். இவர்களிடம் போய் நிஷ்காம கர்மம் பேசியிருந்தால் அது கேலியாக இருந்திருக்கும். தடுப்பூசி போட வீடு வீடாகப் போகும் செவிலியரிடமும், மழைக்கு முன் கால்வாய் தூர்வாருகிறவரிடமும் சேவை மனப்பான்மை பற்றிப் பேசுவதும் இதே ரகம். இந்தக் குற்றச்சாட்டில் பாதி நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்; முழுவதும் நியாயம். ஆனால் அது குத்துவது கீதையை அல்ல, கீதையைக் கைமாற்றிவிட்டவர்களை. பலனைத் துறக்கச் சொன்னது செய்பவனிடம். பயனை அனுபவித்தவனிடம் நீ கொடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடன் கொடுத்தவன் மறந்துபோவது அவன் பெருந்தன்மை. வாங்கியவன் அதைச் சாக்காக வைத்துக் கணக்குப் புத்தகத்தைக் கிழித்தால் அதற்குப் பெயர் வேறு. தடுப்பு வேலையின் பலன் கண்ணுக்குத் தெரியாதது என்பதாலேயே அந்தக் கணக்கைச் சமூகம்தான் எழுதிவைக்க வேண்டும், செய்தவரே எழுத முடியாது. ஸ்ரீஜேஷின் 16-ஆம் எண் சட்டைக்கு ஹாக்கி இந்தியா ஓய்வு கொடுத்ததும், 2025-இல் அவருக்குப் பத்மபூஷண் வந்ததும் அந்த வகையில் சரியான காரியங்கள். மாவ் கடன் அதனால் தீர்ந்துவிடாது.

கடைசியாக ஒன்று. அரை வினாடியில் நான் என்ற எண்ணம் எழ நேரமே இல்லை, அப்படியிருக்கக் கோல்கீப்பரின் பற்றின்மையில் என்ன பெருமை, அது வெறும் நேரப் பற்றாக்குறைதானே என்று கேட்கலாம். எல்லாவற்றிலும் வலுவான மறுப்பாக எனக்குப் படுவது இதுதான். அறுபது நிமிட ஆட்டத்தில் பெரும்பகுதி அவர் சும்மா நிற்கிறார், நினைக்க வேண்டிய மட்டும் நினைக்க அவகாசம் இருக்கிறது என்பது பாதிப் பதில். மீதிப் பாதி எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் ஸ்ரீஜேஷ் தம் 300-ஆவது சர்வதேச ஆட்டத்தை ஆடிய அதே மைதானத்துக்கு, 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை வந்தபோது, இந்திய அணியின் பயிற்சியாளராக அவர் கோட்டுக்கு வெளியே நின்றார். பெல்ஜியத்தோடு காலிறுதி 2-2, ஷூட்-அவுட். கோலில் நின்றது பிரின்ஸ்தீப் சிங். இந்தியா 4-3 என்று தப்பியது. அடுத்து ஜெர்மனியிடம் 5-1 என உதை. பிறகு வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கிக் கடைசிக் கால்பகுதியில் 4-2 என்று மீண்டார்கள். இந்த மூன்று ஆட்டங்களிலும் ஸ்ரீஜேஷின் கால் எந்தப் பந்தின் குறுக்கேயும் போயிருக்க முடியாது. சொல்லிக்கொடுக்க வேண்டியதெல்லாம் சொல்லிக்கொடுத்தாயிற்று. பிரின்ஸ்தீப் தடுத்ததில் அவர் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எந்தப் பிரமாணமும் இல்லை. கவலைப்படவோ முழு அவகாசம். கோலுக்குள் அரை வினாடி, கோட்டுக்கு வெளியே அறுபது நிமிடம்: இரண்டில் எது கடினம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.